1942 ஏப்ரல்: விமானத் துப்பாக்கிக் கூண்டில் இருந்தவர்கள்



போன மாதம் ஒரு நாள் காலை நம் மொட்டை மாடியில் நான்கைந்து பேர் நின்றிருந்தோம். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்திருந்தார். மேற்பார்வை என்ற பெயரில் நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது சுண்ணாம்பாற்று முகத்துவாரத்துக்கு அப்பால், கடலை ஒட்டித் தாழ்வாக, ஒரு சிறு விமானம் வடக்கிலிருந்து தெற்கே போனது. கடலோரக் காவல் படையின் ரோந்து விமானமாக இருக்க வேண்டும். பக்கத்து பிளாக் தம்பி ஒருவர், "அண்ணே, சினிமாவுல காட்டுற மாதிரி இதுக்குப் பின்னாடி ஒருத்தர் துப்பாக்கியோட உக்காந்திருப்பாரா?" என்று கேட்டார். "இப்ப கிடையாது தம்பி. அந்தக் காலத்துல இருந்தாங்க, நம்ம கடல் பக்கமே செத்தும் போனாங்க" என்றேன். அதற்குள் கீழே வால்வை யாரோ திறந்துவிட்டார்கள். பேச்சு அப்படியே நின்றது. விட்ட இடத்திலிருந்து இந்த இதழில் தொடர்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம் என்பது பாரம் ஏற்றிய லாரி மாதிரி. அதைத் துரத்திவரும் சண்டை விமானம் அதைவிட வெகு வேகம். ஓடித் தப்ப வழியில்லை. எனவே விமானத்தின் மூக்கில், முதுகில், இடுப்பில், வாலில் என்று அங்கங்கே கண்ணாடிக் கூண்டு கட்டி, இயந்திரத் துப்பாக்கி பொருத்தி, ஒரு மனிதரை உட்காரவைத்தார்கள். வால் கூண்டில் இருப்பவரின் நிலை தனி. விமானம் கிளம்பியது முதல் இறங்கும்வரை அவர் பின்னோக்கியே பயணம் செய்வார். கூட வருபவர்களின் முகம் தெரியாது, குரல் மட்டும் காதில் கேட்கும். பல நாட்கள் ஒரு தோட்டாகூடச் சுடாமல் திரும்புவார்கள். உண்மையில் பார்ப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் விமானிக்குச் சொல்ல வேண்டும். பலருக்கு வயர்லெஸ் இயக்கும் பயிற்சியும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள்.

பிரிட்டிஷ் விமானப்படையில் முதலில் இது தரைப் பணியாளர்கள் கூடுதலாகச் செய்யும் வேலையாகத்தான் இருந்தது. 1940 மே மாதத்துக்குப் பிறகுதான் விமானத் துப்பாக்கி வீரர்களுக்குக் குறைந்தது சார்ஜென்ட் பதவி என்று முடிவாயிற்று. ஐரோப்பாவின் மேல் பறந்த பிரிட்டிஷ் 'பாம்பர் கமாண்ட்' படையில் சுமார் 1,25,000 பேர் பறந்தார்கள். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள். அந்தக் கதையைப் பற்றிப் படங்களும் புத்தகங்களும் நிறைய உண்டு. நான் சொல்லவந்தது இந்தப் பக்கக் கடலின் கதையை.

1942-இன் தொடக்கத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன். மார்ச் 23 அன்று அந்தமானில் ஜப்பானியர் இறங்கிவிட்டார்கள். அந்தமானுக்கும் நமக்கும் நடுவே வெறும் தண்ணீர்தான். டெல்லியில் கிரிப்ஸ் தூதுக்குழு பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. மார்ச் 31 அன்று இங்கே புதுச்சேரியிலிருந்து ஸ்ரீ அரவிந்தர் கிரிப்ஸுக்கு ஆதரவுச் செய்தி அனுப்பினார். நம் ஊர் அப்போது பிரெஞ்சுப் பகுதி. ஆனால் 1940 செப்டம்பரிலேயே ஆளுநர் லூயி போன்வென் தலைமையில் தெ கோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்துவிட்டது. ஆக, நோணாங்குப்பத்திலிருந்து கடலூருக்குப் போகும் வழியில் நாட்டு எல்லை ஒன்று இருந்தாலும், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போரில் ஒரே அணிதான்.

ஜப்பானின் பெரிய கப்பற்படை இந்தியப் பெருங்கடலுக்குள் வருகிறது என்று பிரிட்டிஷாருக்குத் துப்பு கிடைத்திருந்தது. எப்போது, எந்தத் திசையில் என்பது நிச்சயமாகத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி ஆள் போய்ப் பார்ப்பதுதான்.

இலங்கையின் தென்முனையில், காலிக்குப் பக்கத்தில் கொக்கலை என்ற ஊர் இருக்கிறது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர். போருக்காக ஊர் மக்களை வெளியேற்றிவிட்டு அங்குள்ள காயலைக் கடல் விமானத் தளமாக்கியிருந்தார்கள். அங்கே நின்றவை 'கேட்டலினா' என்ற அமெரிக்கத் தயாரிப்பு விமானங்கள். தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும் பறக்கும் படகுகள் அவை. குண்டும் சுமக்கும். இறக்கையின் நீளம் 104 அடி. நம் பிளாக்கின் முகப்பைவிடக் கொஞ்சம் அகலமாகவே இருக்கும். இடுப்பின் இரு பக்கமும் கொப்புளம் மாதிரி இரண்டு பெரிய கண்ணாடிக் கூண்டுகள் உண்டு. துப்பாக்கி வீரர்கள் அங்கேதான் இருப்பார்கள். ஒரு முறை கிளம்பினால் பகல் முழுக்கப் பறக்கலாம், ஆனால் ரோந்து வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடாது. எதிரில் வரக்கூடிய ஜப்பானிய ஜீரோ விமானத்தின் வேகமோ 500-க்கு மேல்.

கனடா விமானப்படையின் 413-ஆம் அணியை ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளிலிருந்து இங்கே அனுப்பியிருந்தார்கள். குளிர் பிரதேசத்திலிருந்து கொக்கலை வெயிலுக்கு! 26 வயதான ஸ்குவாட்ரன் லீடர் லெனர்ட் பர்ச்சல் ஏப்ரல் 2 அன்று வந்து சேர்ந்தார். 4-ஆம் தேதி விடியும் முன்பே ரோந்துக்குக் கிளம்பிவிட்டார். விமானத்தில் அவரோடு சேர்த்து 9 பேர்.

பகல் முழுவதும் ஒன்றும் தென்படவில்லை. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். திரும்பியிருக்கலாம். ஆனால் திசைகாட்டும் அலுவலர், நிலவு எழுந்ததும் அதை வைத்துத் தாங்கள் இருக்கும் இடத்தைச் சரிபார்க்க விரும்பினார். அதற்காகக் கடைசியாக இன்னொரு சுற்று போனார்கள். பிற்பகல் நான்கு மணிவாக்கில் தெற்கே, அடிவானத்தில் சில புள்ளிகள். இலங்கைக்குத் தென்கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தார்கள். நம் ஊரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலையில் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி தெரிந்தது என்று மட்டும் செய்தி அனுப்பினால் பிரயோசனமில்லை. எத்தனை கப்பல், என்ன வகை, எந்தத் திசை, என்ன வேகம் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் தப்ப முடியாது. போனார்கள். அவர்கள் பார்த்தது அட்மிரல் நகுமோவின் படை. பியர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஐந்து அங்கே இருந்தன: அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுயிகாகு. கூடவே போர்க்கப்பல்கள்.

அப்போதைய விதிப்படி கண்டறிந்த செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும். ஜீரோக்கள் சூழ்ந்துகொண்டு சுட ஆரம்பித்தன. இந்த இடத்தில்தான் துப்பாக்கி வீரர்களின் வேலை என்ன என்பது எனக்குப் புரிந்தது. ஜீரோக்களைச் சுட்டு வீழ்த்தி வெல்வோம் என்று அவர்களில் யாரும் நினைத்திருக்க முடியாது. வயர்லெஸ் ஆள் இன்னும் ஒரு வரி அனுப்ப வேண்டும், அதற்கு வேண்டிய நிமிடங்களைச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது முறை செய்தி போய்க்கொண்டிருந்தபோது குண்டு பட்டு வயர்லெஸ் கருவி சிதறியது. உள்ளே எரிபொருள் தொட்டி தீப்பிடித்தது. அணைத்தார்கள், மறுபடியும் பிடித்தது. தாழப் பறந்ததால் பாராசூட்டில் குதிக்கவும் வழியில்லை. விமானம் உடையத் தொடங்கிய நிலையில் பர்ச்சல் அதை எப்படியோ கடலில் இறக்கினார்.

காலிழந்த துப்பாக்கி வீரர் ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். மற்றவர்கள் தண்ணீரில் குதித்தார்கள். அப்போதும் மேலிருந்து சுடுவது நிற்கவில்லை. தோட்டா வரும்போதெல்லாம் முடிந்தவர்கள் தண்ணீருக்குள் மூழ்கித் தப்பினார்கள். பலத்த காயம்பட்ட இருவருக்கு மிதவைச் சட்டை மாட்டியிருந்தது. அந்தச் சட்டை அவர்களை முங்கவிடவில்லை. காப்பாற்றுவதற்காக மாட்டியதே அவர்களைத் தோட்டாவுக்குக் காட்டிக்கொடுத்தது. இறந்த மூவரின் பெயர் கொலரோசி, டேவிட்சன், ஹென்செல்.

உயிர்பிழைத்த ஆறு பேரை ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஏற்றிக்கொண்டது. "செய்தி அனுப்பினீர்களா?" என்று அடித்துக் கேட்டார்கள். இல்லை என்று சாதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கொழும்பிலிருந்து "செய்தியைத் திரும்பச் சொல்லுங்கள்" என்று வயர்லெஸ்ஸில் கேட்டது ஜப்பானியர் காதிலும் விழுந்துவிட்டது. அதற்காக மறுபடியும் அடி. பிறகு மூன்றரை ஆண்டு ஜப்பானில் போர்க்கைதி வாழ்க்கை. முகாமில் நோயாளிகளை வேலைக்கு அனுப்பக்கூடாது என்று மற்றவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தவர் பர்ச்சல். ரகசியமாக எழுதிவைத்த அவருடைய நாட்குறிப்புகள் போர்க்குற்ற விசாரணைகளில் பயன்பட்டன. 2004-இல், 89 வயதில் காலமானார். கனடாவில் அவருக்கு 'இலங்கையின் மீட்பர்' என்று பெயர்.

மீட்பர் என்பது கொஞ்சம் மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. நகுமோவோடு படையிறக்கும் கப்பல்கள் வரவில்லை. அவர் இலங்கையைப் பிடிக்க வரவில்லை, பிரிட்டிஷ் கப்பல்களை அடித்து நொறுக்கவே வந்தார். செய்தி கிடைத்ததும் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். அது பெரிய பலன்தான். ஆனாலும் மறுநாள், ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அன்று பிற்பகல் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்கள் கடலில் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். மீட்பு என்று சொன்னால் அவர்கள் கணக்கை எங்கே எழுதுவது?

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. பர்ச்சலின் விமானம் நினைவில் நிற்பதற்குக் காரணம் அதிலிருந்து ஆறு பேர் பிழைத்து வந்து சொன்னார்கள். அந்த ஐந்து நாட்களில் விழுந்த கேட்டலினா அது ஒன்று மட்டும் அல்ல. 4-ஆம் தேதி மாலை, அதே கப்பற்படையைப் பின்தொடர 205-ஆம் அணியின் கேட்டலினா ஒன்று போனது. இரவில் செய்திகள் அனுப்பியது. திரும்பி வரவில்லை, ஒருவரும் பிழைக்கவில்லை. 9-ஆம் தேதி காலை, திருகோணமலையை நோக்கி நகுமோ வந்தபோது, பர்ச்சலின் 413-ஆம் அணியைச் சேர்ந்த இன்னொரு கேட்டலினா அவரைக் கண்டது. செய்தி அனுப்பத் தொடங்கியது. பாதியில் நின்றது. அதிலும் யாரும் மிஞ்சவில்லை. அந்தக் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லாததால், அவர்களுக்குப் பட்டப்பெயரும் இல்லை.

9-ஆம் தேதி திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் தாக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹெர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது. இன்றும் அங்கேயே கடலடியில் கிடக்கிறது, முக்குளிப்பவர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

அதே காலையில் நடந்த இன்னொன்றும் நம் விஷயத்தைச் சேர்ந்தது. கொழும்புக் குதிரைப் பந்தய மைதானத்தை விமான ஓடுபாதையாக்கியிருந்தார்கள். அங்கிருந்து பிரிட்டிஷ் 11-ஆம் அணியின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. 5-ஆம் தேதியும் தேடிப் போய் எதையும் காணாமல் திரும்பியவர்கள்தாம். பதினொன்று கிளம்பி, இயந்திரக் கோளாறால் இரண்டு திரும்பிவிட, ஒன்பது போயின. ஒவ்வொன்றிலும் மூன்று பேர்: விமானி, திசைகாட்டி, முதுகுக் கூண்டில் ஒரு துப்பாக்கி வீரர். பாதுகாப்புக்குக் கூட வர ஒரு சண்டை விமானம்கூட இல்லை. பத்தரை மணிவாக்கில் நகுமோவின் கப்பல்களுக்கு நேர் மேலே வந்துவிட்டார்கள். குண்டுகள் தண்ணீரில் விழுந்து நீர்த்தூண்கள் எழுந்த பிறகுதான் ஜப்பானியரே அண்ணாந்து பார்த்தார்கள். அகாகியின் பக்கத்தில்தான் விழுந்தன, ஒன்றும் மேலே படவில்லை. பியர்ல் ஹார்பர் முதல் அடித்துக்கொண்டே வந்த அந்தப் படையின் மேல் விமானங்கள் அணிசேர்ந்து குண்டு போட்டது அதுவே முதல் முறை. பிறகு ஜீரோக்கள் துரத்தின. ஐந்து பிளென்ஹைம்கள் திரும்பவில்லை. ஜப்பானியரும் சண்டை விமானங்களை இழந்தார்கள். பிளென்ஹைமில் பின்னால் பார்த்துச் சுடக்கூடியவர் முதுகுக் கூண்டில் இருந்தவர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஜூனில், பசிபிக் கடலில் மிட்வே என்ற இடத்தில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் மூழ்கின. பர்ச்சலின் ஆட்கள் எண்ணிச் சொன்ன ஐந்தில் மூன்று. அங்கேயும் எதிரி விமானங்கள் தலைக்கு மேலே வந்தபின்தான் கவனித்தார்கள். இங்கே கிடைத்த எச்சரிக்கையை ஜப்பானியர் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்று வரலாற்று ஆசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு.

நம் கரைப் பக்கம் வருவோம். ஏப்ரல் 6 அன்று, நகுமோவின் படையல்லாத இன்னொரு ஜப்பானியப் படை வங்கக் கடலில் புகுந்து ஒரே நாளில் ஏராளமான சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் பீதி. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு நகர்ந்தன, உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று, சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைப் போலீசாரை வைத்துச் சுட்டார்கள். நம்மில் வயதானவர்களின் வீட்டுப் பெரியவர்கள் "பட்டணத்தைக் காலி பண்ணின வருஷம்" என்று சொல்வது இதைத்தான். ரயில்களில் தெற்கே சொந்த ஊர்களுக்கு வந்து இறங்கியவர்கள் ஏராளம்.

அதற்குப் பிறகு கடலைக் கண்காணிப்பது நம் வாசலுக்கே வந்துவிட்டது. அதே ஆண்டில் சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியில் கேட்டலினாக்கள் இறங்கின. ஆம், குடிநீர் தருகிற அதே ஏரிதான். டிசம்பர் 1 அன்று திருச்சியில் இந்திய விமானப்படையின் 8-ஆம் அணி தொடங்கப்பட்டது. 'வெஞ்சன்ஸ்' என்ற, பாய்ந்து குண்டு போடும் விமானங்கள். முன்னால் விமானி, பின்னிருக்கையில் பின்னோக்கித் துப்பாக்கியோடு இன்னொருவர். 1943 கடைசியில் அந்த அணி பர்மாவின் அரக்கான் போர்முனைக்குப் போனது. தம்பி கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்: பின்னால் உட்கார்ந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல.

நம் கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தை ஜூலை 14 இரவு விளக்குப் போட்டிருக்கும்போது எல்லோரும் பார்த்திருப்போம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட நம் ஊர்க்காரர்களுக்காக 1938-இல் எழுப்பியது. சொல்தா குடும்பங்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கின்றன, அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடல் கிடைக்காதவர்களுக்குப் பெயர் பொறித்த கல்தான் கல்லறை.

கொலரோசி, டேவிட்சன், ஹென்செல் ஆகியோருக்கும் கல்லறை கிடையாது. தெற்காசியா, கிழக்காசியா, சுற்றியுள்ள கடல்கள் என்று இந்தப் பரப்பில் காணாமற்போன காமன்வெல்த் விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரில், கிராஞ்சி போர்க் கல்லறையின் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றில் இந்திய ராணுவத்தினர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் விமானத்தின் வால் போல உயர்ந்து நிற்கும் ஒரு சுவர், அதன் கீழே வரிசையாகத் தூண்கள், தூண் முழுக்கப் பெயர்கள். கிராஞ்சி எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், கட்டணம் இல்லை.

நம் குடியிருப்பில் சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் ஐந்தாறு இருக்கும். அவர்களில் ஓர் அம்மா டிசம்பரில் மகளைப் பார்க்கப் போகிறார்கள். அந்த மூன்று பெயர்களையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெயில் இறங்கிய பிறகு போய், விமானப்படைத் தூண்களில் தேடிப் பார்த்துப் படம் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்தால் அடுத்த இதழில் போடுகிறோம்.